திட்டில் நின்ற வெள்ளிக்கிழமை

பவளத்துறைக்கு எதிரே, தண்ணி வத்தினால் முழங்காலை நனைத்துக்கொண்டு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், நண்டும் நாரையும் தவிர யாரும் குடியிருக்காத ஒரு மணல் திட்டு கிடந்தது என்பதும், இல்யாஸ் காக்கா ஊருடைய இணையதளத்தை முதன்முதலாகப் பேக்கப் எடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் அந்தத் திட்டின்மேல் எங்கள் ஊர் இன்னொரு தடவை முளைத்துவிட்டது என்பதும் இந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பள்ளிவாசல் மினாரா, ஐஸ் கம்பெனி, மீன் ஏலக் கொட்டகை, எங்கள் மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பள்ளிக்கூடத் தாவணி வரைக்கும் ஒன்றும் குறையவில்லை. ஊர் எழுந்து வந்து கரையில் நின்று அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, விட்ட தூக்கத்தைத் தொடரப் போய்விட்டது.

தளம் என்றால் சும்மா இல்லை. எங்கள் ஆண்களில் பாதிப்பேர் ரியாத்திலும் துபாயிலும் கொழும்பிலும் ஹாங்காங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் பவளத்துறை டாட் காமைத் திறந்து யார் பிறந்தது, யார் மௌத்து, யார் வீட்டில் கல்யாணம், இன்றைக்குச் சீலா மீன் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். முன்னொரு தடவை சர்வர் செத்துப்போய்த் தளம் வெள்ளையாகக் கிடந்தபோது, ஊரைக் கடல் கொண்டுபோய்விட்டதா என்று அத்தனை நாட்டிலிருந்தும் போன் வந்தது. அந்தப் பயத்தில்தான் ரீசார்ஜ் கடை மாடியில் உட்கார்ந்து தளத்தை நடத்தும் இல்யாஸ் காக்கா வாரம் தவறாமல் நகல் எடுத்துவைக்க ஆரம்பித்தார். எதற்கும் முன்னால் ‘அதாவது’ போடுகிற ஆள் அவர். “அதாவது, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது நெய்ச்சோறு சாப்பிட்டு ஊரே கவுந்து தூங்கும். அதாவது, அரபு நாட்டுலயும் அன்னைக்கு வெள்ளிக்கிழமைதான். ஊரு தூங்கினா தளமும் தூங்கும். தூங்குற புள்ளைக்கு நகம் வெட்டுற மாதிரி நோகாம எடுத்திரலாம்.”

அப்படியே எடுத்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திட்டில் இருந்த பழைய ஊர் போய்ப் புது ஊர் வந்து நின்றது, நின்றவர்களுக்கு அந்த மத்தியானத்துக்கு அப்புறம் நடந்த எதுவும் தெரியாமல் இருந்தது, தெரியாதவர்களோடு எப்படிப் பழகுவது என்பதை எங்கள் ஊர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. சாவியைத் தொலைத்தவர்கள் திட்டுக்கு நடந்துபோய், தங்கள் நகல் அதை எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்கள். சனிக்கிழமை அவசரப்பட்டு முடி வெட்டிக்கொண்டவர்கள் போய், இருந்த முடியைத் தடவிவிட்டு வந்தார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள், மாப்பிள்ளை வீட்டார் தூங்குகிற அழகை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு சொன்னார்கள். ஜமாஅத்துச் செயலாளர் தொண்டையை மூன்று விதமாகச் செருமிவிட்டு, “க்ஹும்... சலாம் சொல்லலாம். பதில் சலாமும் வாங்கலாம். பந்திக்குக் கூப்பிட வேணாம்” என்று தீர்மானம் போட்டார், நான் சொல்வதைக் கேட்டால் அவரே சொல்வதுபோல இருக்கும்.

ஏனென்றால் ஒரு தடவை கேட்ட குரல் என் தொண்டையில் தங்கிவிடும். பேர் ஜொஹரா, படிப்பது பதினொன்றாம் வகுப்பு, தொழில் அடுத்தவர் குரல். ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பள்ளிக்கூட மைக்கில் லீவு விட்டு, அவரே பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய கதை பக்கத்து ஊர் வரை பிரசித்தம். உதடு அசையாமல் பேசவும் வரும். திட்டில் ஜொஹராவும் இருப்பதால், அவள் அங்கிருந்து சீலா விற்க, நான் இங்கிருந்து அதே குரலில் விலையைக் குறைக்க, நடுவில் வள்ளத்தில் வருகிறவர்கள் எந்தக் கரையில் மீன் வாங்குவது என்று தெரியாமல் சுற்றுவதைப் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் விழவேண்டியதுதான்.

எனக்குப் பக்கத்து வீடு பல்கீஸ் மாமி. எங்கள் ஊரில் கல்யாணம் ஆன ஆண்கள் பெண்டாட்டி வீட்டுக்குக் குடிபோய்விடுவார்கள். ஆனால் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டுத் தேத்தண்ணிக்கு மட்டும் உடன்பிறந்தவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அது எழுதாத சட்டம். பல்கீஸ் மாமியோடு கூடப்பிறந்த ஒரே காக்கா சேகனா மாமா, பெண்டாட்டி வீட்டிலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு வந்து, அவள் வாசற்படியில் ஒரு காலை வைத்து, “ஏளா, தேத்தண்ணி இரிக்கா?” என்பார். “இரிக்கி காக்கா, உள்ள வாங்க” என்பாள் மாமி. இந்த இரண்டு வாக்கியத்தையும் வைத்துத்தான் எங்கள் தெரு அசர் முடிந்ததைத் தெரிந்துகொள்ளும்.

அதைத் தளம் கெடுத்தது. பெருநாளைக்கு மாமியின் வட்டிலப்பம் செய்முறையை இல்யாஸ் காக்கா படத்தோடு போட்டார். அத்தனை நாட்டிலிருந்தும் மாஷா அல்லாஹ் வந்து குவிய, அதற்கு நடுவில் சேகனா மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சொந்தப் பேரில், கீழே ஒரு கருத்து எழுதினார்: ‘தேங்காய்ப்பால் இன்னும் கொஞ்சம் கெட்டியாக எடுத்திருக்கலாம்.’ ரியாத் சிரித்தது. ஹாங்காங் சிரித்தது. மாமி மாடிப்படி ஏறிப்போய், “அத அழிடா இல்யாசு” என்றாள். மாமா கீழே நின்று, “அழிச்சா நா இந்தக் கடையில ரீசார்ஜ் பண்ண மாட்டேன்” என்றார். இல்யாஸ் காக்கா, “அதாவது...” என்று ஆரம்பித்து முடிக்கவேயில்லை. அன்றோடு மாமி காக்காவிடம் பேச்சை நிறுத்தினாள், காக்கா தேத்தண்ணிக்கு வருவதை நிறுத்தினார், எங்கள் தெருவில் அசர் எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று.

எனக்குக் கை சும்மா இருக்குமா, வாய்தான் சும்மா இருக்குமா? ஒரு சாயங்காலம் மாமி வாசலில் போய் நின்று, குடைக்குப் பதில் துடைப்பத்தை ஊன்றி, “ஏளா, தேத்தண்ணி இரிக்கா?” என்றேன். உள்ளே டம்ளர் உருண்டது. மாமி ஓடிவந்தாள், முக்காடு பாதி கழுத்தில், கையில் ஆவி பறக்கும் தேத்தண்ணி, முகத்தில் ஒரு மாதம் காத்திருந்த மழை வந்துவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம். என்னைப் பார்த்தாள். கரண்டி என் முதுகுக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. அதற்கப்புறம் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம், மாமி கண்ணயரப்போகையில் வாசலில் அதே குரல் கேட்டிருக்கிறது. “ஏளா, தேத்தண்ணி இரிக்கா?” மாமி படுத்தபடியே கத்தியிருக்கிறாள்: “ஜொஹரா சனியனே! இன்னைக்கி ஒன் நாக்க இழுத்து முருங்க மரத்துல கட்டுறனா இல்லையா பாரு!” குரல் நின்றது. காலடி திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்த சேகனா மாமா அப்படியே பக்கத்துத் தூணில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்து யாரோ விசிறிவிட்டிருக்கிறார்கள். இல்யாஸ் காக்கா அவர் படத்தைத் தளத்தில் போட்டார். சிரித்த அத்தனை நாடும் அழுதது.

வீட்டுக்கு வந்து போகிறவர்கள் கூட்டம் ஓய்ந்ததும் பல்கீஸ் மாமி எங்கள் அடுப்படிக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். கரண்டி எதுவும் கொண்டுவரவில்லை.

“வெள்ளிக்கெழம வந்தது நீதான?”

“இல்ல மாமி.”

“அடிக்க மாட்டேன்.”

“வல்லாஹி நா தூங்கிட்டிருந்தேன் மாமி. உம்மாட்டக் கேளுங்க.”

உம்மாவைக் கேட்டால், உம்மாவும் தூங்கியிருக்கிறாள். ஊரே தூங்கியிருக்கிறது. தெருவில் யாரிடம் கேட்டாலும், அவளைத் தவிர யாரு, என்றார்கள். செய்த குறும்புக்கெல்லாம் இல்லை என்று சொல்லித் தப்பித்தவள், செய்யாத ஒன்றுக்கு இல்லை என்று சொல்லும்போது யார் நம்புவார்கள்? “நாந்தான்னு சொல்லித் தொலையேன், அவ மனசு ஆறிரும்” என்று உம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் ஆறாது. வந்தது நான் என்றால், காக்கா கோபம் தீராமலே போய்ச்சேர்ந்துவிட்டார். வந்தது காக்கா என்றால், தேத்தண்ணி கேட்டு வந்தவரை அவளே ஏசித் துரத்திவிட்டாள். இரண்டில் எது உண்மையாக இருக்கவேண்டும் என்று துஆ கேட்பது என்பது மாமிக்கே தெரியவில்லை. ஆனாலும் எது என்று தெரியாமல் அவளால் ஒரு வாய்ச் சோறு இறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். அங்கே சேகனா மாமா இருந்தார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எதுவும் தெரியாமல், வெள்ளைச் சட்டையும் குடையுமாக இருந்தார். ஆனால் அந்த வாரம் திட்டே ஒரு மாதிரியாகத்தான் கிடந்தது. வீடுகள் இருந்த இடத்தில் இருந்தன. ஆட்கள் மட்டும் வீட்டுக்குள் இல்லாமல், கரையோரமாக அகர வரிசையில், அப்துல் காதரில் ஆரம்பித்து ஹைருன்னிஸா வரைக்கும், வாயை மூடிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஊருக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. இவ்வளவு ஒழுங்காக நம்மை யாரும் நிறுத்தியதில்லை என்றார் செயலாளர். ஒரே குறை, எந்தக் காலத்திலோ வரப்புச் சண்டை போட்ட மைதீனும் மொகுதூமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவேண்டியதாகிவிட்டதென்று இரண்டு வீட்டிலிருந்தும் இல்யாஸ் காக்காவிடம் வந்து சண்டை பிடித்தார்கள்.

மாமி வரிசையில் போய் சகாரம் வந்த இடத்தில் நின்றாள். “காக்கா” என்றாள். அவர் கண்ணைச் சிமிட்டினார், அவ்வளவுதான். “வெள்ளிக்கெழம வந்தியளா காக்கா?” அவர் கடலைப் பார்த்தார். மாமி என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னும் கோவம்தான்” என்றாள். அந்தக் குரலை மட்டும் நான் எடுத்துவைத்துக்கொள்ளவில்லை.

நான் ஜகாரத்தில் நின்ற என்னிடம் போய் என்னுடைய குரலிலேயே கூப்பிட்டுப் பார்த்தேன். திட்டு ஜொஹரா வாயைத் திறக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன் என்றால் அது கோபமில்லை, கோளாறு. ஈரப் பாவாடையோடு ஓடிப்போய் ரீசார்ஜ் கடை மாடியில் மூச்சிரைக்க நின்றேன்.

“காக்கா, போன வாரம் முழுசா எடுத்தீங்களா?”

“அதாவது, எடுத்தேனே. ஃபைலு தனி, டேட்டாபேஸ் தனி. அதாவது, படம், வீடு, மூஞ்சி எல்லாம் ஃபைலு. யாரு எங்க இருந்தா, யாரு யாருக்கு என்ன வேணும், யாரு என்ன சொன்னாங்கிறது டேட்டாபேஸ். ரெண்டையும் எறக்கிட்டேன்.”

“ரெண்டையும் திட்டுக்கு ஏத்துனீங்களா?”

இல்யாஸ் காக்கா மௌஸைப் பிடித்தார். டவுன்லோடு ஃபோல்டரில் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் சுன்னத்து வீட்டு வீடியோக்களுக்கும் அடியில், போன வெள்ளிக்கிழமை இறக்கின டேட்டாபேஸ் இறக்கினபடியே கிடந்தது. நெய்ச்சோறு அவருக்கும் நெய்ச்சோறுதானே. இறக்கிவிட்டு, எல்லாம் முடிந்ததென்று தலையைச் சாய்த்திருக்கிறார்.

“அதாவது, இப்ப ஏத்தினா,” என்று அவர் மெதுவாகச் சொன்னார், “அந்த வெள்ளிக்கெழம மத்தியானம் அங்க மறுபடி நடக்கும். ஆனா நாளைக்கிப் புதுசு வந்துரும். ரெண்டு வச்சிக்க டிஸ்க்குல எடமில்ல.”

மறுநாள் காலையில், ஜும்ஆவுக்கு ஊர் குளித்துக்கொண்டிருக்கும்போது, தண்ணி வத்தியிருந்தது. மாமி ஒரு கையில் ஃபிளாஸ்க்கும் மறு கையில் தண்ணி பாட்டிலுமாக முன்னால் நடந்தாள். திட்டில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றோம். நான் போனில், “ஏத்துங்க காக்கா” என்றேன்.

வரிசை கலைந்தது. அப்துல் காதர் முதல் ஹைருன்னிஸா வரைக்கும் எல்லாரும் மணலை உதறிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள், அவரவர் பாயில் படுத்தார்கள், கொஞ்ச நேரத்தில் திட்டு முழுக்க ஊருடைய குறட்டை எழும்பியது, அந்தக் குறட்டைக்கு நடுவே சந்துக்குள்ளிருந்து சேகனா மாமா வந்தார். தெருவில் யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தார். படியில் ஒரு காலை வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“ஏளா, தேத்தண்ணி இரிக்கா?”

மாமியின் கை என் முதுகில் பொளேரென்று விழுந்தது. “இங்கயுமாடி!”

“நானில்ல மாமி! அவர் வாயப் பாருங்க!”

அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து திட்டு மாமியின் குரல், “ஜொஹரா சனியனே!” என்று ஆரம்பித்து முருங்கை மரம் வரைக்கும் போயிற்று. மாமா தலையை ஆட்டினார், குடையை ஊன்றித் திரும்பி நடந்து சந்துக்குள் மறைந்தார்.

“நீ ஒதடு அசையாமப் பேசுறவ,” என்றாள் மாமி. பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள். “வாயி நெறைய ஊத்திக்க. முழுங்குனியோ, எனக்குத் தெரியும்.”

கன்னம் இரண்டும் பந்தாகும்வரை ஊற்றிக்கொண்டு முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். மாமி போனை வாங்கினாள்.

“இல்யாசு, இன்னொரு தடவ ஏத்து.”

“அதாவது மாமி, ஜும்ஆவுக்கு நேரமாச்சு...”

“ஏத்துடா!”

ஏற்றினார். படுத்திருந்தவர்கள் எழுந்து மறுபடி படுத்தார்கள், குறட்டை மறுபடி முதலிலிருந்து கிளம்பியது, சந்திலிருந்து மறுபடி சேகனா மாமா வந்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், படியில் காலை வைத்தார். மாமி என் கன்னத்தைப் பார்த்தாள். கன்னம் பந்தாகவே இருந்தது. மாமி அவர் வாயைப் பார்த்தாள்.

“ஏளா, தேத்தண்ணி இரிக்கா?”

உள்ளே சனியனே ஆரம்பித்துவிட்டது. மாமா திரும்பப்போனார். அதற்குள் மாமி குறுக்கே போய் நின்றாள்.

“இரிக்கி காக்கா,” என்றாள். “இங்கன உக்காருங்க.”

அவர் அவளைப் பார்த்தார். சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். படியில் உட்கார்ந்தார். மாமி ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். கொஞ்சம் அவர் கைலியில் சிந்தியது.

“உள்ள ஏசுனது கேட்டுச்சா காக்கா?” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“கேக்காம என்ன? தெரு முழுக்கக் கேக்குது,” என்றார் மாமா. “ஒன்ன மாதிரியே ஏசுது பாரு அந்த ஜொஹராக் கழுத. ஒரு எழுத்துப் பெசகல. நீ தூங்குறியாக்கும், இவ உள்ள இருந்துக்கிட்டு வெளாட்டுக் காட்டுறான்னு நெனச்சேன். சரி, திங்கக்கெழம வருவோம்னு திரும்புனேன்.”

மாமி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மாமா ஒரு மடக்குக் குடித்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.

“பாலு இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்திருக்கலாம்.”

என் வாயிலிருந்த தண்ணி முழுவதும் முருங்கை மரத்துக்குப் போய்ச்சேர்ந்தது. சத்தம் கேட்டு மாமா திரும்பினார். என்னைப் பார்த்தார், ஏசிக்கொண்டே இருக்கும் கதவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அப்புறம் எங்கள் ஊர்க்காரர் எவரும் செய்வதையே செய்தார், மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார். மாமி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அவர் குடித்து முடிக்கும்வரை அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணி ஏற ஆரம்பித்ததும் எழுந்து, “வாரேன் காக்கா” என்றாள். “ஏளா, பாத்துப் போ,” என்றார் அவர்.

ஜும்ஆ முடிந்தது, நெய்ச்சோறு முடிந்தது, ஊர் கவிழ்ந்தது. இல்யாஸ் காக்கா மாடியில் எங்களுக்காக விழித்திருந்தார். “அதாவது மாமி, வேணும்னா கல்யாண வீடியோவ எல்லாம் அழிச்சிட்டு அந்த வாரத்த அப்படியே வச்சிடுறேன். அதாவது, எப்பப் போனாலும் வருவார்.”

மாமி ஜன்னல் வழியாகத் திட்டைப் பார்த்தாள்.

“எத்தன தடவ வந்து வாசல்ல நிப்பாரு? காலு வலிக்காதா அவருக்கு?” என்றாள். “எடு புதுச. அதுக்கு முன்னாடி அந்த வட்டிலப்பத்தத் தொற.”

“அந்தக் கருத்த அழிச்சிறவா?”

“கைய ஒடைப்பேன். அதுக்குக் கீழ நா எழுதணும்.”

கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால், ஊர் மொத்தமும் தூங்கி முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டு எழுதினாள்: ‘அடுத்த பெருநாளைக்குக் கெட்டியாக எடுக்கிறேன் காக்கா. பல்கீஸ்.’ எழுதினதைப் படித்துப் பார்த்தாள். “இப்ப எடு,” என்றாள். இல்யாஸ் காக்கா எடுத்தார். ஃபைலை ஏற்றினார், டேட்டாபேஸை ஏற்றினார், ஏற்றினதை என்னை வைத்து இரண்டு தடவை சரிபார்த்தார். கடலுக்கு அந்தப் பக்கம் பழைய வெள்ளிக்கிழமை போய்ப் புது வெள்ளிக்கிழமை வந்து நின்றது. அதில் சேகனா மாமா இல்லை.

அன்றிலிருந்து தூங்குகிற நேரத்திலும் பல்கீஸ் மாமி கதவைச் சாத்துவதில்லை, இங்கேயும், திட்டிலும். போன வெள்ளிக்கிழமை நான் படியில் காலை வைத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவர் குரலில் கேட்டுப் பார்த்தேன். கரண்டி வரும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். “இரிக்கி, உள்ள வா” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது, கூடவே தேத்தண்ணியும். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்தேன். சொல்லவேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்ல அவர் குரலும் நாக்கு நுனியில் இருந்தது.

“பாலு கெட்டியாத்தான் இரிக்கி மாமி,” என்றேன், என் குரலில்.